தேர்தல், வட்டி, டொலர்: மட்டக்களப்பு, அம்பாறைச் சேமிப்பாளருக்கான முழுமையான வழிகாட்டி

பெரும்போக நெல் விற்ற காசு, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசு, ஓய்வுபெற்ற ஆசிரியரின் பணிக்கொடை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முதலீட்டுக்கென்று ஒதுங்கும் பணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அது போய்ச் சேரும் இடங்களும் தெரிந்தவை: நிலையான வைப்பு, நகை, காணி, கொஞ்சம் சீட்டு. கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகள் இவை எல்லாவற்றையும் ஆட்டிப்பார்க்கும் என்பதும் 2022இற்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விடயமில்லை. எந்த முடிவு, எந்த வழியாக, எத்தனை மாதத்தில் நம் பணத்தைத் தொடுகிறது என்பதில்தான் குழப்பம். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கிறோம்.

முதலாவது படி: வாக்குறுதியைக் கேட்டதும் "காசு எங்கிருந்து?" என்று கேளுங்கள்

யார் வெல்வார் என்று கணிக்கும் வேலையை விட்டுவிடுங்கள். வெல்பவர் அரசின் வரவுக்கும் செலவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவார் என்று பாருங்கள். அரச சொத்தை விற்பதைத் தள்ளிவைத்தால் வழிகள் நான்கே: வரி, உள்ளூர்க் கடன், வெளிநாட்டுக் கடன், பணம் அச்சிடல். ஒவ்வொன்றும் வேறொரு சந்தையில் போய் விழும்.

வரி கூடினால் கம்பனிகளின் இலாபம் சுருங்கும், கடையில் வியாபாரம் குறையும். பங்குகளுக்கு அது உடனடி அடி. ஆனால் அரசு கடன் வாங்கும் தேவை குறைவதால் வட்டி மெல்ல இறங்கும். உள்ளூர்க் கடன் கூடினால் திறைசேரி உண்டியல்களின், அதாவது அரசு ஓராண்டுக்குள் திருப்பித்தரும் குறுகியகாலக் கடன் பத்திரங்களின், வட்டி ஏறும். அதைப் பார்த்து வங்கிகளின் வைப்பு வட்டியும் ஏறும், தொழில் கடனும் லீசிங்கும் விலைகூடும். வெளிநாட்டுக் கடன் உள்ளே வரும்போது ரூபாய் உறுதியாகத் தெரியும், திருப்பிக் கட்டும் ஆண்டில் கழுத்தைப் பிடிக்கும். பணம் அச்சிட்டால் முதலில் எல்லாம் இனிப்புத்தான். வட்டி செயற்கையாகத் தாழும், பங்கும் காணியும் ஏறும். பிறகு விலைவாசியும் டொலரும் சேர்ந்து ஏறும்.

இதற்கு நம் நாட்டைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. 2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. தேச நிர்மாண வரி நீக்கப்பட்டது. செலவு குறையவில்லை. 2020இல் கொவிட் வந்து உல்லாசப் பயண வருமானத்தையும் பறித்தது. நாடுகளின் கடன் கட்டும் திறனை மதிப்பிடும் தர நிர்ணய நிறுவனங்கள் அந்த ஆண்டே நம் தரத்தை இறக்கின, வெளிநாட்டுச் சந்தையில் கடன் எடுக்கும் கதவு மூடியது. வரியும் இல்லை, வெளிக்கடனும் இல்லை என்றால் மிச்சம் இருப்பவை உள்ளூர்க் கடனும் அச்சு இயந்திரமும்தான். மத்திய வங்கி காசு அச்சிட்டு வாங்கி வைத்த அரச கடன் பத்திரங்கள் 2022இற்குள் பன்மடங்காகின. 2019 முடிவில் சுமார் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 முடிவில் சுமார் 3.1 பில்லியனுக்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிக்கடன் கொடுப்பனவு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. வரிக்குறைப்பிலிருந்து அந்த அறிவிப்பு வரை இரண்டு ஆண்டும் நான்கு மாதமும்.

அந்த இடைவெளியைக் கவனியுங்கள். உன்னிச்சைக் குளத்தில் மதகைத் திறந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வர நாட்கள் ஆகின்றன அல்லவா, கொள்கையும் அப்படித்தான். பங்குச்சந்தை அன்றைக்கே அசையும், திறைசேரி உண்டியல் அடுத்த புதன்கிழமை அசையும், வைப்பு வட்டி சில வாரங்களில், அரிசி விலை பல மாதங்களில். நேரம் தவறிச் செய்யும் முதலீடுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையை மறந்து செய்யப்படுபவை.

2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையையும் இப்படித்தான் வாசித்திருக்க வேண்டும். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் அது வேளாண்மைப் பிரச்சினையாக மட்டும் பேசப்பட்டது. விளைச்சல் குறைந்தால் அரிசி இறக்குமதி செய்ய வேண்டும், இறக்குமதிக்கு டொலர் வேண்டும், டொலரோ ஏற்கெனவே இல்லை. தடை அந்த ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோது அந்தப் பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது.

இரண்டாவது படி: பார்க்க வேண்டிய இலக்கங்கள், பார்க்க வேண்டிய நாட்கள்

தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு கொப்பியில் நான்கு இலக்கங்களை எழுதி வாருங்கள்.

ஓரிரவு கொள்கை வீதம், அதாவது வங்கிகளுக்கிடையிலான ஓரிரவுக் கடன் வட்டியை வழிநடத்த மத்திய வங்கி நிர்ணயிக்கும் வட்டி. மத்திய வங்கி ஆண்டில் ஆறு தடவை நாணயக் கொள்கை மீளாய்வை அறிவிக்கிறது. 2024 நவம்பரிலிருந்து, முன்பிருந்த இரண்டு வீதங்களுக்குப் பதிலாக ஒரே வீதம். அப்போது 8 சதவீதம், 2025 மே மாதம் 7.75.

திறைசேரி உண்டியல் ஏலம். வழக்கமாகப் புதன்கிழமைகளில் 91, 182, 364 நாள் உண்டியல்களுக்கு நடக்கும். முடிவு அன்றைக்கே மத்திய வங்கியின் இணையத்தளத்தில் வரும். விளைவு வீதத்தோடு நின்றுவிடாமல், எவ்வளவு தொகை கேட்டு எவ்வளவு ஏற்றார்கள் என்பதையும் குறியுங்கள். கேட்ட தொகை கிடைக்காத ஏலங்கள் தொடர்ந்தால் வட்டி ஏறப்போகிறது என்று பொருள்.

பணவீக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒவ்வொரு மாத முடிவிலும் வெளிவரும். 2022 செப்டம்பரில் 69.8 சதவீதம், 2023 ஜூலையில் 6.3. இந்த வீழ்ச்சியைப் பார்த்து "விலை குறைந்துவிட்டது" என்று நினைத்தவர்கள் பலர். குறைந்தது விலை ஏறும் வேகம், விலை ஏறிய இடத்திலேயே நின்றது.

நான்காவது, டொலரின் வீதமும் வெளிநாட்டு ஒதுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீதம் அசையாமல் ஒதுக்கு மட்டும் மாதாமாதம் கரைந்தால் யாரோ வீதத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 2021இன் பிற்பகுதியில் நடந்தது அதுதான்.

இவற்றோடு வரவு செலவுத் திட்ட உரை, வர்த்தமானி, சர்வதேச நாணய நிதியத்தின் மீளாய்வு. நிதியத்தின் நிறைவேற்றுச் சபை 2023 மார்ச் 20இல் சுமார் 3 பில்லியன் டொலருக்கு 48 மாதத் திட்டத்தை அங்கீகரித்தது. ஒவ்வொரு மீளாய்விலும் வரி இலக்கு, செலவு இலக்கு எட்டப்பட்டதா என்று பார்க்கிறார்கள். தேர்தல் மேடையில் என்ன பேசப்பட்டாலும் அந்த அட்டவணைதான் அரசின் கையைக் கட்டி வைத்திருக்கிறது.

2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் உண்டியல்களை முதனிலைச் சந்தையில், அதாவது அரசு முதன்முதலில் விற்கும்போதே, மத்திய வங்கி நேரடியாக வாங்குவதை அது தடுக்கிறது. அதாவது முதலாவது படியில் சொன்ன நான்காவது வழி சட்டப்படி ஒடுங்கிவிட்டது. பணவீக்க இலக்கு 5 சதவீதம். இந்தச் சட்டத்தைத் தளர்த்தும் பேச்சு எப்போதாவது பாராளுமன்றத்துக்கு வந்தால், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், அன்றைக்கு உங்கள் நீண்டகால ரூபாய் வைப்புகளை மீளப் பாருங்கள்.

மூன்றாவது படி: கையில் வரும் வட்டியைக் கணக்கிடுங்கள்

வங்கி வாசலில் எழுதியிருக்கும் வீதத்தில் இரண்டு கழித்தல்கள் உண்டு. முதலாவது நிறுத்திவைத்தல் வரி, 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம். 8 சதவீத வைப்பில் 1 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 8,000 ரூபாய். வரி 800 போக 7,200. இரண்டாவது பணவீக்கம். அது 5 சதவீதமென்றால் உங்கள் உண்மையான வருமானம் ஏறத்தாழ 2.2 சதவீதம். பணவீக்கம் 8ஐத் தொட்டால் வைப்பு கரைகிறது.

ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வரி அடையாள இலக்கத்துடன் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் இந்த வரி கழிக்கப்படாது. ஓய்வூதியரில் பலர் இதைக் கொடுப்பதில்லை. ஒரு படிவத்தின் சோம்பலுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் போகிறது.

திறைசேரி உண்டியல் வாங்குவது நினைப்பதைவிட இலகு. உங்கள் வர்த்தக வங்கியின் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைக் கிளையிலேயே கேட்கலாம், அல்லது ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர் ஒருவரிடம் கணக்குத் திறக்கலாம். தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், முகவரிச் சான்று போதும். உண்டியல் கழிவில் விற்கப்படும்: 364 நாளுக்கு 8 சதவீதமென்றால் சுமார் 92,600 ரூபாய் கொடுத்து முடிவில் 1 இலட்சம் பெறுவீர்கள். ஏல வீதத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் உங்களுக்குத் தருவார்கள். அந்த வித்தியாசம் அவர்களுடைய வருமானம், எனவே இரண்டு இடத்தில் விசாரியுங்கள். வாங்கியது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் பதிவில் ஏறியதற்கான கூற்றைக் கட்டாயம் கேளுங்கள்.

காலத்தை எப்படிப் பிரிப்பது? இங்கே வேளாண்மை நாட்காட்டிதான் வழிகாட்டி. மார்ச் முதல் வாரத்தில் நெல் விற்ற காசை 182 நாள் உண்டியலில் போட்டால் செப்டம்பர் தொடக்கத்தில், அதாவது அடுத்த பெரும்போக உழவுக்கும் விதைநெல்லுக்கும் முன், கைக்கு வரும். சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் சிறுபோகமும் செய்பவர் அந்தச் செலவை முதலில் பிரித்து சேமிப்புக் கணக்கில் வைக்க வேண்டும். அதற்கு 91 நாள்கூடத் தாமதம். நெல் மூடைக்கு அரசு அறிவிக்கும் உத்தரவாத விலையை நம்பி முதலீட்டுத் தொகையை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல் கிலோவுக்கு 120 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது, ஆனால் ஈரப்பதம் கூடிய நெல்லுக்கும் களஞ்சியம் திறக்கும் வரை காத்திருக்க முடியாதவருக்கும் வியாபாரி சொல்வதுதான் விலை.

அவசரமில்லாத 10 இலட்சம் இருந்தால் 3 இலட்சம் 91 நாளுக்கு, 3 இலட்சம் 182 நாளுக்கு, 4 இலட்சம் 364 நாளுக்கு என்று பிரியுங்கள். வட்டி ஏறினால் முதலில் முதிரும் பகுதி புதிய வீதத்தைப் பிடிக்கும். இறங்கினால் நீண்ட பகுதி பழைய வீதத்தில் பாதுகாப்பாக இருக்கும். வட்டி எங்கே போகும் என்று சரியாகக் கணிக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லாமல் போகிறது.

உயர்ந்த வட்டியைக் கண்டு மயங்காமலிருக்க 2022 முடிவை நினைவில் வையுங்கள். அப்போது உண்டியல் வீதம் 30 சதவீதத்தை அண்மித்தும் தாண்டியும் நின்றது. உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைப்பார்களா என்ற பயத்துக்குச் சந்தை கேட்ட விலை அது. 2023 ஜூன் இறுதியில் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது பொதுமக்களின் வைப்புகளும் அவர்களிடமிருந்த உண்டியல்களும் தொடப்படவில்லை. ஓராண்டுக்கு வாங்கி வைத்திருந்தவர் அள்ளினார். ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களிடமிருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள்தான் மாற்றப்பட்டன: 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம். இணங்காத நிதியங்களுக்கு 14 சதவீத வரி 30 ஆகும் என்று சட்டம் அழுத்தியது. தனியார் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், வாழ்நாளில் ஒரு முறி வாங்காதவரும், அந்த இரவில் முறிச் சந்தையில் இருந்தார்கள்.

முறிகளைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய் முறி, சந்தை வட்டி 15 ஆனால் சுமார் 83 ரூபாய்க்கு இறங்கும், 8 ஆனால் சுமார் 108க்கு ஏறும். முதிர்வு வரை வைத்திருக்க முடியாதவர் நீண்ட முறியைத் தொட வேண்டாம்.

வட்டி கொள்ளாத குடும்பங்கள் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றில் ஏராளம். அவர்கள் போடும் இஸ்லாமிய முறை முதாரபா வைப்பில் முன்கூட்டி உறுதிசெய்த வீதம் இல்லை, இலாபப் பங்கீட்டு விகிதம்தான் உடன்பாடு. ஆனாலும் நாட்டின் வட்டி இறங்கும்போது அந்த இலாபமும் சில மாதம் பிந்தி இறங்குகிறது, வங்கி கொடுக்கும் நிதியளிப்பின் விலையும் அதே சந்தையில்தான் தீர்மானமாகிறது. கொள்கை வீதத்தை இவர்களும் பார்க்கத்தான் வேண்டும்.

நான்காவது படி: டொலரும் தங்கமும்

2022 மார்ச் தொடக்கம் வரை சுமார் 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், விடுவிக்கப்பட்ட இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. தங்கத்தின் உலக விலை டொலரில் அசையாமல் நின்றிருந்தாலும், இந்த ஒரு காரணத்தால் பவுணின் ரூபாய் விலை 80 சதவீதம் ஏறும். பின்னர் டொலர் 300இற்கு இறங்கும்போது அதே கணக்கில் 17 சதவீதம் குறையும். ஆகவே தங்கம் வாங்கும் முன் இரண்டு விலைகளைத் தனித்தனியே பாருங்கள்: உலக விலை, டொலர் வீதம். ரூபாய் சரியும் என்ற பயத்துக்கான காப்பாகத் தங்கம் நல்லது. எல்லோரும் பயந்து முடிந்த பிறகு வாங்கினால் அது காப்பு இல்லை. சேமிப்புக்கென்றால் நகையாக வாங்காதீர்கள், செய்கூலி விற்கும்போது திரும்பி வராது.

வெளிநாட்டிலிருந்து பணம் பெறுபவர்களுக்கு: அரசு வீதத்தைப் பிடித்து வைக்கும்போது உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றித்தருபவர்) கூடுதலாகத் தருவார். 2020இல் சுமார் 7.1 பில்லியன் டொலராக இருந்த வங்கிவழி அனுப்பல் 2022இல் சுமார் 3.8 பில்லியனாக விழுந்ததற்கு இதுவே பெரிய காரணம். அந்த ஆசையில் போகும் பணத்துக்கு ஆதாரச் சீட்டு இல்லை, பிறகு காணி வாங்கும்போதோ வரித் திணைக்களம் கேட்கும்போதோ வந்த வழியைக் காட்ட முடியாது. மாறாக, தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே ஒரு பகுதியை வைத்திருப்பது சட்டபூர்வமான காப்பு. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு போன்ற டொலர்ச் செலவு வரப்போகிறதென்றால் அந்த அளவுக்கு மாற்றாமல் விடுங்கள்.

ஐந்தாவது படி: பங்குச்சந்தை, அதுவும் தேர்தல் காலத்தில்

கணக்குத் திறக்கப் பங்குத்தரகர் ஒருவரைத் தெரிந்தெடுத்து, கொழும்பு பங்குப் பரிவர்த்தனையின் செயலி ஊடாக வீட்டிலிருந்தே சீ.டி.எஸ். கணக்கை, அதாவது உங்கள் பங்குகள் பதிவாகும் கணக்கை, பதியலாம். 5 கோடி வரையான கொடுக்கல் வாங்கலுக்குச் செலவு 1.12 சதவீதம், வாங்கும்போதும் விற்கும்போதும். ஆக, பங்கு சுமார் 2.3 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். நாளுக்கு நாள் வாங்கி விற்பவர் தரகருக்கே உழைக்கிறார்.

பங்குகளுக்கு மிகப் பெரிய அரசியல் சமிக்ஞை வட்டிதான். 2020 ஜூலையில் துணைநில் வைப்பு வசதி வீதம் (அப்போதிருந்த இரண்டு கொள்கை வீதங்களில் ஒன்று) 4.5 சதவீதத்துக்கு இறங்கியதும் வைப்பில் ஒன்றும் கிடைக்காத பணம் சந்தைக்குள் பாய்ந்தது. 2022 ஜனவரியில் சகல பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் கொள்கை வீதங்கள் 7 சதவீதப் புள்ளி உயர்த்தப்பட்டன. 18ஆம் திகதியிலிருந்து ஐந்து வேலை நாட்கள் சந்தையே மூடப்பட்டது. மாதம் முடிவதற்குள் உச்சத்திலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. மூடிய வாரத்தில் மருத்துவச் செலவு வந்தாலும் விற்க முடியாது என்பதை எண்ணிப்பாருங்கள். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் காசைப் பங்கில் போடாதீர்கள் என்று சொல்வதன் பொருள் அதுதான்.

தினசரிச் சரிவுக்கும் ஒரு தடுப்பு உண்டு: எஸ் அண்ட் பி இலங்கை 20 சுட்டெண் 5 சதவீதம் விழுந்தால் 30 நிமிடம் நிறுத்தம், 7.5இல் மீண்டும் நிறுத்தம், 10இல் அன்றைய வியாபாரம் முடிவு. நிறுத்தத்தின் போது கட்டளையை எந்த விலைக்கும் விற்கும் வகையில் இடாதீர்கள், விலை எல்லை குறித்து இடுங்கள்.

தேர்தலைப் பொறுத்தவரை 2024 நல்ல பாடம். செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இடதுசாரி வேட்பாளர் வென்றால் சந்தை நொறுங்கும் என்று விற்றுவிட்டு வெளியேறியவர்கள் இருந்தார்கள். அநுர குமார திசாநாயக்க வென்றார். நாணய நிதியத் திட்டம் தொடர்ந்தது, வெளிநாட்டு முறிகளின் மறுசீரமைப்பு டிசம்பரில் நிறைவேறியது, வட்டி இறங்கியது. ஆண்டு முடிவில் சுட்டெண் 15,900ஐக் கடந்திருந்தது. பள்ளத்தை நிரப்பும் வழி மாறவில்லை, அதனால் சந்தையும் பயப்படவில்லை. நவம்பர் பொதுத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பு மட்டும் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு முதலிடம் கொடுக்கவில்லை. போட்ட வாக்கின்படி முதலீடு செய்திருந்தால் மட்டக்களப்பாருக்கு நட்டம்தான்.

நேர்மாறான உதாரணம் 2018 ஒக்டோபர் 26. அன்று பிரதமர் நீக்கப்பட்டதும் யார் அரசு என்றே தெரியாமல் போனது. டிசம்பருக்குள் மூன்று பெரிய தர நிர்ணய நிறுவனங்களும் நாட்டின் தரத்தை இறக்கின. தெளிவான வெற்றியைவிடத் தெளிவில்லாத இழுபறிதான் சந்தைக்கு ஆபத்து.

துறைவாரியாகச் சுருக்கமாக: வட்டி இறங்கினால் வங்கி, லீசிங், கட்டுமானம் முதலில் பயன்பெறும். வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது லீசிங் கம்பனிகளுக்கு எண்ணெய் வார்த்தது. ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளர்களுக்கு இலாபம். ஹோட்டல்கள் பாதுகாப்பு நிலைமையோடு கட்டுண்டவை, 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு பாசிக்குடாவில் வெறுமையாகக் கிடந்த அறைகள் அதைக் காட்டின. ஆடைத் தொழிலுக்கோ வொஷிங்டனில் முடிவாகிறது: 2025 ஏப்ரலில் 44 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட அமெரிக்கத் தீர்வை, ஜூலையில் 30ஆகி, ஓகஸ்ட்டில் 20இல் நின்றது. முதல் அறிவிப்பன்று பயத்தில் விற்றவர் பேரம் முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

ஆறாவது படி: எங்கே வைப்பது என்பதைச் சரிபாருங்கள்

வட்டி இறங்கும் காலத்தில்தான் மோசடிகள் பெருகும். வங்கி ஆண்டுக்கு 8 சதவீதம் தரும்போது மாதத்துக்கு 8 தருகிறோம் என்று ஒருவர் வருவார், பெரும்பாலும் தெரிந்த உறவுக்காரர் ஊடாகவே. உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலும், தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியதாகத் தீர்மானிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலும் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ளன. பெயரை எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள், பெயரில் ஒரு சொல்லை மாற்றி ஏமாற்றுவது பழைய தந்திரம்.

உரிமம் இருந்தாலும் நிதிக் கம்பனிகள் மூடப்பட்டதுண்டு. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான், வட்டியும் அதற்குள் அடக்கம். 30 இலட்சம் இருந்தால் ஒரே நிதிக் கம்பனியில் போடாமல் மூன்று நிறுவனங்களில் 10 இலட்சமாகப் பிரியுங்கள். ஒரே நிறுவனத்தின் மூன்று கிளைகளில் போட்டால் அது ஒரு வைப்பாகவே கணக்கிடப்படும்.